மனநோய் மருத்துவத்தில் தோட்டமும் வயலும்

மனநோயாளியைத் தோட்டத்தில் உலவ விடுவதும் வயலில் வேலை செய்யவைப்பதும் ஐரோப்பாவில் மருத்துவமாக மதிக்கப்படத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். அதுவரை பெரும்பாலான காப்பகங்களில் நோயாளிக்குக் கிடைத்தவை சங்கிலி, இருட்டறை, இரத்தம் வடித்தல், பேதி மருந்து. இதற்கு விலக்காக இருந்தது ஸ்பெயினின் சரகோசா நகர மருத்துவமனை. அங்கே காலையில் நோயாளிகளைக் குழுக்களாகப் பிரித்து, சிலரைப் பட்டறைகளுக்கும் பெரும்பாலோரை வயலுக்கும் அனுப்பினார்கள். கோதுமை அறுப்பது, திராட்சை பறிப்பது, ஒலிவக் காய் சேர்ப்பது எனப் பருவத்துக்கேற்ற வேலை இருந்தது. மாலையில் திரும்பியவர்கள் இரவில் அமைதியாகத் தூங்கினார்கள். பிரெஞ்சு மருத்துவர் பிலிப் பினேல் 1801இல் வெளியிட்ட நூலில் இதைப் பாராட்டி எழுதினார். கூடவே ஒரு செய்தியையும் சொன்னார்: கையால் உழைப்பது குலத்துக்கு இழுக்கு என்று ஒதுங்கிய பிரபுக் குடும்பத்து நோயாளிகள் அங்கே அரிதாகவே தேறினார்கள்.

அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1812இல் ஏறத்தாழ இதையே எழுதினார். மருத்துவமனைகளில் விறகு பிளந்த, அடுப்பு மூட்டிய, தோட்டம் கொத்திய ஆண்களும், துணி துவைத்துத் தரை தேய்த்த பெண்களும் பலமுறை குணமடைய, மேல்தட்டு நோயாளிகள் சுவருக்குள் வாடிக் கிடந்தார்கள் என்றார். இருவர் சொன்னதும் கவனிப்பில் தெரிந்ததுதான். ஆனால் சோதித்து அறிந்ததல்ல. மண்வெட்டி பிடிக்கத் தெம்புள்ளவருக்கு நோய் முதலிலேயே இலேசாக இருந்திருக்கலாம். இந்த ஐயம் பிற்கால ஆய்வுகளையும் விடாமல் தொடர்ந்தது.

தோட்டத்தைத் திட்டமிட்டே மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர்கள் இங்கிலாந்தின் குவேக்கர்கள். 1790இல் அந்தச் சமயக் குழுவைச் சேர்ந்த ஹன்னா மில்ஸ் என்ற பெண் யார்க் நகரக் காப்பகத்தில் சேர்ந்த சில வாரங்களில் இறந்தார். உறவினர் கேட்டுக்கொண்டும் நண்பர்கள் அவரைப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. அதனால் மனம் கொதித்த தேயிலை வணிகர் வில்லியம் டியூக் முன்னின்று தொடங்கிய 'ரிட்ரீட்' இல்லம் 1796இல் நகருக்கு வெளியே ஒரு மேட்டில் திறக்கப்பட்டது. அவருடைய பேரன் சாமுவேல் டியூக் 1813இல் எழுதிய நூல் அந்த இடத்தை அங்குலம் அங்குலமாக விவரிக்கிறது. ஜன்னல்களில் கம்பி இல்லை. கண்ணாடியைத் தாங்கிய சட்டமே இரும்பு, பார்வைக்கு அது மரம்போலத் தெரியும்படி செய்திருந்தார்கள். முற்றத்துச் சுவர் எட்டடி உயரம். ஆனால் தரை வீட்டிலிருந்து சுவரை நோக்கிச் சரிந்ததால் சுவர் தணிந்து தெரிந்தது. அதற்கு அப்பால் வயல்வெளியும் கண்ணில் பட்டது. முற்றங்களில் முயல், கோழி, கடற்புறா, பருந்து ஆகியவற்றை வளர்த்தார்கள். இன்னோர் உயிரைக் கவனிக்கும்போது நோயாளிக்குள் பரிவு விழித்துக்கொள்ளும் என்பது கணக்கு. அடைத்தும் வைக்க வேண்டும், அடைபட்ட உணர்வும் வரக் கூடாது என்ற அந்த இரட்டை நோக்கம் ஒவ்வொரு செங்கல்லிலும் தெரிகிறது.

இந்த மாதிரி விரைவில் பரவியது. 1845ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தின் ஒவ்வொரு கவுண்டியும் காப்பகம் கட்ட வேண்டும் என்றது. ஊர்ப்புறத்தில், பண்ணை நிலத்தோடு அவை எழுந்தன. அமெரிக்காவில் தாமஸ் கிர்க்பிரைடு 1854இல் எழுதிய கட்டுமானக் கையேடு, ஒரு காப்பகத்துக்குக் குறைந்தது 100 ஏக்கர் நிலம் வேண்டும், நோயாளிகள் 250 பேருக்கு மேல் கூடாது என்றது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தவர்களில் ஒருவரான பிரடெரிக் லா ஓம்ஸ்டெட், பஃபலோ முதலிய இடங்களில் காப்பக வளாகங்களையும் அமைத்தார். பாஸ்டன் அருகே மெக்லீன் மருத்துவமனைக்கு இடம் தேர்வதில் ஆலோசனை சொன்னவரும் அவரே. முதுமையில் நினைவு தடுமாறியபோது அந்த மருத்துவமனையிலேயே சேர்க்கப்பட்டு, 1903இல் அங்கேயே காலமானார்.

இந்தியாவிலும் காப்பகத்துக்குத் தோட்ட நிலம் கிடைத்தது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர் வாலண்டைன் கொனொலி 1794இல் சிறு மனநோய் விடுதியொன்றை நடத்தத் தொடங்கியிருந்தார். அரசின் காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்தில் 'லோகாக்ஸ் கார்டன்ஸ்' என்ற பரந்த தோட்ட நிலத்தில் திறக்கப்பட்டது. இன்றைய அரசு மனநலக் காப்பகம் அதன் தொடர்ச்சிதான்.

நிலம் பெருகப் பெருக அதன் பயனும் மாறியது. நூற்றுக்கணக்கில் சேர்ந்த ஏழை நோயாளிகளுக்குப் பாலும் காய்கறியும் இறைச்சியும் காப்பகப் பண்ணையிலிருந்தே வந்தன. பண்ணையில் உழைத்தவர்களும் அவர்களே, கூலி இல்லாமல். ஆண்கள் வயலுக்கும் தொழுவத்துக்கும் போக, பெண்கள் சலவைக்கூடத்திலும் தையலறையிலும் அடைபட்டார்கள். வெளிக்காற்று மருந்து என்ற கொள்கை அவர்கள் விஷயத்தில் சுலபமாக மறந்துபோனது. பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் தோட்டத்தில் உலவ, ஏழைகள் களையெடுத்தார்கள். உழைக்காத பிரபுக்களே தேறவில்லை என்று பினேல் எழுதியதை அந்தக் காலத்து நிர்வாகிகள் தங்களுக்கு வசதியாகவே படித்திருக்க வேண்டும்.

எதிர்பாராத ஒரு சோதனை 1901இல் நடந்தது. நியூயார்க்கின் மன்ஹாட்டன் அரசு மருத்துவமனையில் காசநோய் தொற்றாமல் இருக்க, அந்நோய் கண்ட மனநோயாளிகளைப் புல்வெளியில் கூடாரங்களுக்கு மாற்றினார்கள். மாற்றத்துக்கு மனநலம் காரணமே அல்ல. ஆனால் படுக்கையை விட்டு எழாதிருந்தவர்கள் பலர் உடம்பு தேறியதோடு தெளிவாகவும் பேசத் தொடங்கினார்கள். காசநோய் இல்லாதவர்களுக்கும் கூடாரம் போடப்பட்டது. 1906 நிலநடுக்கத்தில் கலிபோர்னியாவின் ஆக்னியூஸ் காப்பகம் இடிந்து நூறு பேருக்கு மேல் இறந்தபோது, பிழைத்தவர்கள் வளாகத்தில் கூடாரங்களில் தங்கினார்கள். அவர்களிடமும் முன்னேற்றம் தெரிந்ததாகப் பதிவுகள் உண்டு. காற்றும் வெளிச்சமும்தான் காரணமா, சிறு குழுவில் கிடைத்த தனிக் கவனிப்பா என்பதைப் பிரித்துக் காண வழியில்லை.

1952இல் குளோர்புரோமசின் மருந்து மனநோய்க்குப் பயன்படுத்தப்பட்ட பிறகு காப்பகங்கள் காலியாகத் தொடங்கின. பிரிட்டனில் 1950களிலும் 1960களிலும் பண்ணைகள் விற்கப்பட்டன. அமெரிக்காவில் முடிவு கட்டியது நீதிமன்றம்: வேலை செய்யும் நோயாளிகளுக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தும் என்று 1973இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூலி கொடுத்து நடத்தக் கட்டுப்படியாகாத பண்ணைகள் மூடப்பட்டன. தீர்ப்பு நியாயமானதே, ஆனால் சுரண்டலோடு சேர்ந்து வெளியில் இருக்கும் வாய்ப்பும் போனது.

பசுமை மருத்துவத்துக்குள் திரும்பி வந்தது வேறு வாசல் வழியாக. ரோஜர் உல்ரிச் 1984இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரைப் பற்றியது. பாதிப்பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மறுபாதிக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்ப, சுவர் பார்த்தவர்களுக்கு 8.70 நாள் ஆனது. கடுமையான வலி மருந்தும் முன்னவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அறையை நோயாளி தேர்ந்தெடுக்கவில்லை என்பதே இதன் பலம். ஜப்பானிய வனத்துறை 'ஷின்ரின் யோகு' எனும் வனக்குளியலை 1982இலேயே முன்வைத்திருந்தது. அதற்கான மருத்துவ அளவீடுகள் பின்னர்தான் வந்தன.

2015இல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் மனநோய் இல்லாத 38 பேரை 90 நிமிடம் நடக்கவிட்டார்கள். சிலர் மரங்களிடையே, சிலர் நெரிசலான சாலையோரம். மரங்களிடையே நடந்தவர்களிடம் பழைய கவலையையே திரும்பத் திரும்ப அசைபோடும் பழக்கம் குறைந்தது. அதோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் செயல்பாடும் தணிந்தது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் விவரங்களை அலசிய 2019ஆம் ஆண்டு ஆய்வு, வாரம் 120 நிமிடமாவது இயற்கைவெளியில் கழித்தவர்கள் நல்ல உடல்நலத்தையும் மனநிறைவையும் கூடுதலாகத் தெரிவித்ததாகச் சொன்னது. நலமாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற கேள்விக்கு இவ்வகைக் கணக்கெடுப்பால் விடை சொல்ல முடியாது. ஆட்களைப் பிரித்துவிட்டுச் செய்யும் சோதனைகளுக்கு மதிப்புக் கூடியதும் அதனால்தான்.

2021 முதல் இங்கிலாந்தின் 7 பகுதிகளில் இயற்கைவெளியைப் பரிந்துரைப்பது அரசுத் திட்டமாகவே சோதிக்கப்பட்டது. மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களை மருத்துவர்களும் சமூக இணைப்பாளர்களும் நடைக் குழுக்களுக்கும் கூட்டுத் தோட்டங்களுக்கும் அனுப்பினார்கள். வருவதும் விடுவதும் அவரவர் விருப்பம்; வழக்கமான சிகிச்சையோடு சேர்த்தே இது பரிந்துரைக்கப்பட்டது.