பிறவியிலேயே எச்.ஐ.வி.: பதின்ம வயதுப் பிள்ளைகள் சுமக்கும் ரகசியம்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக 1986-ல் சென்னையில் கண்டறியப்பட்டது. அன்று முதல் இந்நோய் என்றாலே ஒழுக்கக்கேட்டைத்தான் பேசுகிறோம். தாயிடமிருந்து கருவிலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ தொற்று பெற்று, இன்று பதின்ம வயதில் நிற்கும் பிள்ளைகள் அந்தப் பேச்சில் இடம்பெறுவதே இல்லை. சிகிச்சை இல்லாவிட்டால் இவ்வாறு தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். உரிய சிகிச்சை இருந்தால் 5 சதவீதத்துக்கும் கீழ்.

இப்பிள்ளைகள் விவரம் தெரியாத வயதிலிருந்தே மாத்திரை விழுங்குகிறார்கள். எதற்கு என்று கேட்டால், 'சத்து மாத்திரை' என்பார்கள். பள்ளி வயதிலேயே படிப்படியாக உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெற்றோர் தள்ளிப்போடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை; சொன்னால் அடுத்த கேள்வி, 'உங்களுக்கு எப்படி வந்தது?' என்பதுதானே! கடைசியில் மருந்து டப்பாவிலுள்ள பெயரை செல்போனில் தேடிப் பிள்ளையே கண்டுபிடிக்கிறது. அப்போது நோயைப் பற்றிய பயத்தைவிட, இத்தனை வருடம் பொய் சொன்னார்களே என்ற கோபமே பெரிதாக இருக்கும். அந்தக் கோபத்தில் மாத்திரையை நிறுத்திவிடுவோர் உண்டு. நிறுத்தினால் வைரஸ் பெருகும்; பிறகு அதே மருந்து வேலை செய்யாமலும் போகலாம்.

கல்வராயன் மலையை எண்ணிப் பாருங்கள். 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகிவிட்டது. ஆனாலும் மலைவாழ் பிள்ளைகள் பலருக்குப் படிப்பு உண்டு உறைவிடப் பள்ளியில்தான். பலர் சேர்ந்து படுக்கும் அறையில் மாத்திரையை எங்கே ஒளித்து வைப்பது? மருந்து வாங்க மலையிறங்க வேண்டுமென்றால் என்ன சொல்லி லீவு கேட்பது? வெள்ளிமலை போன்ற ஊரில் பஸ் ஏறும்போதே 'எங்கே போகிறாய்?' என்று நாலு பேர் கேட்பார்கள்.

இவர்களது பயம் வீண் பயமல்ல. அருகிலுள்ள பெரம்பலூர் மாவட்டத்தில் 2018-ல், பெற்றோரை இழந்த 14 வயதுச் சிறுவனுக்கு எச்.ஐ.வி. காரணமாகப் பள்ளியில் இடம் மறுக்கப்பட்டதாகப் புகார் எழுந்து, தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. அதே ஆண்டு செப்டம்பர் 10-ல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், கல்வியில் பாகுபாடு காட்டுவதையும், ஒருவரது தொற்றை அவர் சம்மதமின்றி வெளியிடுவதையும் தடை செய்கிறது. தொற்றால் பாதிக்கப்பட்ட குடும்பத்தில், 12 வயது நிரம்பிய, பக்குவமுள்ள அண்ணனோ அக்காவோ தம்பி தங்கைக்குக் காப்பாளராகலாம் என்றும் அதில் உள்ளது. அந்த வயதில் என்ன பாரம் அது!

பள்ளிவாசல் மேடைகளிலும் எய்ட்ஸ் என்றால் விபச்சாரத்தின் தண்டனை என்றே சொல்லப்படுகிறது. விபச்சாரம் ஹராம் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. பிறக்கும் குழந்தை பாவமற்றது என்பதும் நம் மார்க்கம்தான். பின் வரிசையில் அமர்ந்து அந்த பயானைக் கேட்கும் 15 வயதுப் பையன், தண்டனை தனக்கா, மவுத்தாகிவிட்ட தன் அத்தாவுக்கா என்று யாரிடம் போய்க் கேட்பான்?

ஒன்றாக உண்பதால், உறங்குவதால், ஸஃபில் தோளோடு தோள் நிற்பதால் எச்.ஐ.வி. பரவாது. தினமும் மருந்தெடுத்து, பரிசோதனையில் வைரஸ் தென்படாத நிலையை அடைந்து அதிலேயே நீடிப்பவரிடமிருந்து தாம்பத்திய உறவிலும் பரவாது. அவர்கள் நிக்காஹ் செய்யலாம். தொற்றில்லாத பிள்ளைகளையும் பெறலாம். இதைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று தயங்கும் பெற்றோருக்கு, அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். 1097 என்ற இலவச எண்ணிலும் பேசலாம்.