நாரித் தாங்கியும் அசைவும்: புங்குடுதீவிலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் மாணவரை முன்வைத்து

புங்குடுதீவிலிருந்து திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு நாள்தோறும் போய்வரும் மாணவர், விரிவுரை மண்டபத்துக்குள் நுழையும்போதே நெடுநேரம் இருந்து களைத்தவர். குறிகட்டுவானில் புறப்படும் பேருந்து, வேலணையோடு தீவை இணைக்கும் கடல்வழிச் சாலையையும் பண்ணைப் பாலத்தையும் கடந்து நகரை அடைய ஏறத்தாழ ஒரு மணிநேரம் எடுக்கும். அங்கிருந்து திருநெல்வேலிக்கு வேறு பேருந்து. அதன்பின் வாங்கு, நூலகக் கதிரை, மாலையில் மறுபடி பேருந்து, இரவில் படிப்பு மேசை. நாரி உளைவுக்கு முதுகணையும் இடுப்புப் பட்டியும் பரிந்துரைப்போர் இவற்றுள் ஒரு கதிரையை மட்டுமே கணக்கில் எடுக்கின்றனர். நாள் முழுவதையும் எடுத்துக்கொண்டால், தாங்கி முதுகை எவ்வளவு நிமிர்த்துகிறது என்று அளப்பது போதாது. அதில் இருப்பவர் எவ்வளவு எளிதாக நிலை மாறலாம் என்பதே அளவுகோலாக வேண்டும்.

தாங்கிக்குச் சார்பான சான்று வலுவானதுதான். கதிரையில் இருக்கும்போது இடுப்பெலும்பு பின்சரிந்து நாரியின் இயல்பான உள்வளைவு தட்டையாகிறது என்பதைக் கீகன் 1953இல் எக்ஸ்-கதிர்ப் படங்களால் காட்டினார். 1960களில் சுவீடனில் நாகெம்சன் முள்ளந்தண்டு இடைத்தட்டுக்குள் ஊசி செலுத்தி அளந்தபோது, சாய்வின்றி இருக்கையில் அழுத்தம் நிற்கையில் உள்ளதைவிட அதிகமாகப் பதிவானது. முதுகணையைப் பின்சாய்த்து நாரிக்கு அணை கொடுத்தால் அது குறைகிறது என்பதை 1974இல் ஆண்டர்சன் குழுவினர் கண்டனர். இவற்றிலிருந்து 'நிமிர்ந்து இரு' என்ற கட்டளையைப் பெறுவது அவசரம். ஆண்டர்சனின் அளவீடே பின்சாய்ந்த நிலைக்குத்தான் சார்பாக நிற்கிறது. 1999இல் வில்க்கே குழுவினர் ஒருவரின் இடைத்தட்டில் உணரி பொருத்தி எடுத்த அளவுகள் இன்னும் சிந்திக்க வைப்பவை: தளர்ந்து நிற்கையில் 0.50 மெகாபாஸ்கல், அணையின்றித் தளர்ந்து இருக்கையில் 0.46, கதிரையில் சரிந்து சாய்ந்தபோது 0.27. ஒரே உடலின் அளவுகளைப் பொதுவிதியாக்க முடியாது. எனினும் நிலையை அடிக்கடி மாற்ற வேண்டும் என்று அவர்கள் வலியுறுத்தியதற்கு உடலமைப்பிலேயே காரணம் உண்டு. வளர்ந்தோரின் இடைத்தட்டுக்குள் குருதிக் குழாய்கள் இல்லாததால் ஊட்டம் சுற்றுத் திசுக்களிலிருந்து ஊடுபரவி வருகிறது. அழுத்தம் ஏறி இறங்கினால்தான் அதற்குள் நீர்மம் நன்கு நகரும். மிகச் சிறந்த நிலையும் அசையாது நீண்டால் உளைவாகிறது.

நெடுநேர இருக்கை நாரிநோவுக்குக் காரணம் என்று நிறுவப்படவே இல்லையே என்பர் சிலர். 2010இல் ரொஃபி குழுவினர் வெளியிட்ட மீளாய்வும் தொழிலிடத்து இருக்கை தனித்து நாரிநோவை உண்டாக்குகிறது என்பதற்குப் போதிய சான்றைக் காணவில்லை. அதை ஏற்கிறேன். ஆனால் நோய் வேறு, அசௌகரியம் வேறு. மணிக்கணக்கில் கூடி, எழுந்ததும் தணிகிற உளைவு வைத்தியரிடம் போவதில்லை. விரிவுரையின் பின்பாதியை மட்டும் தின்றுவிடுகிறது. பல்கலைக்கழகத்துக்கு அருகில் தங்கியிருப்பவரைவிடத் தீவிலிருந்து வருபவருக்கே அந்த இழப்பு பெரிது. கல்விச் சமத்துவம் பற்றிப் பேசுகையில் இது நினைக்கப்படுவதேயில்லை. பாயில் சப்பாணி கட்டியிருந்த முன்னோருக்கு இத்தொல்லை இல்லை, கதிரையே குற்றவாளி என்ற வாதமும் உண்டு. சப்பாணியிலும் நாரி வளைவு தட்டையாகத்தான் செய்கிறது. பனையோலைப் பாயில் இருந்தவர் கால் மாற்றினார், சுவரில் சாய்ந்தார், வேலைக்கு எழுந்தார். நன்மை பாயினுடையதன்று, அந்த அசைவினுடையது.

இந்த அளவுகோலில் இறுகக் கட்டும் இடுப்புப் பட்டி தோற்கும். சுருட்டி நாரிக்குப் பின் வைத்த துவாய் தேறும். வேண்டும்போது அதை ஏற்றலாம், இறக்கலாம், எடுத்துவிடலாம். தொடர் விரிவுரைகளுக்கு நடுவே ஐந்து நிமிடம் எழுந்து நிற்க விடுவது எந்தத் தாங்கியையும்விட மலிவானது. ஆயினும் இடைவேளையால் எட்ட முடியாத இடம் ஒன்று உண்டு. மூன்று மணிநேரப் பரீட்சையில் எழுதிக்கொண்டிருப்பவர் எழுந்து நடக்க மாட்டார். முன்குனிந்து எழுதுவதால் முதுகணையும் பாதி நேரம் பயன்படாது. மேசையின் உயரம் பொருந்தி, எழுத்துக்கு நடுவே ஒரு கணம் பின்சாய நல்ல அணையும் இருந்தால் மட்டுமே அங்கு நாரிக்கு ஓய்வு. தளபாடங்களுக்கான நிதி குறைவாயின், முதலில் மாற்ற வேண்டியவை பரீட்சை மண்டபங்களின் முதுகணையற்ற இருக்கைகளே.