காற்றில்லாத ஓடுபாதை

1948 மார்ச் 3 அன்று புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. திருமயம் வட்டம் திருச்சி மாவட்டத்துக்குள் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று, லண்டன் வெம்ப்ளியில் ஒலிம்பிக் மும்முறைத் தாண்டுதலின் இறுதிச் சுற்று. பதக்கம் வெல்லக்கூடியவர் என்று மதிக்கப்பட்ட இந்தியாவின் 19 வயது ஹென்றி ரெபெல்லோ தாண்டத் தயாராக நின்றபோது, பரிசளிப்பு நிகழ்ச்சிக்காகக் காக்க வைக்கப்பட்டார். குளிரில் உடல் விறைத்துப்போயிருக்க, அனுமதி கிடைத்ததும் ஓடினார். பின்தொடைத் தசை கிழிந்தது. ஸ்வீடனின் ஆர்னே ஓமன் 15.40 மீட்டரில் தங்கம் வென்றார். 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானது. பத்து நாள் கழித்து நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் தொடங்கிய காமன்வெல்த் போட்டியில் மொஹிந்தர் சிங் கில் 16.44 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார். தங்கம் வென்ற கானாவின் ஜோஷுவா ஓவுசு தாண்டியது 16.50. தேதிகள் இப்படி அருகருகே விழுந்தது தற்செயல். ஆனால் இரண்டு போட்டியும் திறந்தவெளியில் நடந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். நம் தாண்டுதல் வரலாறு ஏறக்குறைய முழுவதும் வானத்தின் கீழ் எழுதப்பட்டது. கூரைக்குக் கீழே நடக்கும் போட்டி குளிர்நாட்டுக்காரர்களின் ஏற்பாடு, வருடமெல்லாம் வெயில் காயும் திருமயம் போன்ற சீமைக்கு அது எதற்கு என்ற எண்ணம் அதனால்தான் வேரூன்றிவிட்டது. அந்த எண்ணம் தவறு என்பது என் வாதம்.

இந்த விளையாட்டின் உடற்கூற்றைப் பார்த்தால் காரணம் விளங்கும். பலகையில் எந்தக் கால் மிதித்ததோ அதே கால் மறுபடி தரையில் விழ வேண்டும். நம் பிள்ளைகள் பாண்டி ஆடும்போது போடும் நொண்டிதான் அது. அடுத்து மறு காலில் ஓர் எட்டு. அதன் பிறகே மணலை நோக்கித் தாவல். ஓடிவந்த வேகத்தை மூன்று தவணையாகப் பங்கிட்டுச் செலவழிக்கும் கணக்கு இது. நொண்டியை உயரத் தூக்கியவனுக்கு எட்டில் வேகம் மிஞ்சாது. முதுகுக்குப் பின்னால் வீசும் காற்று இந்தக் கணக்கின் பிழைகளை மூடி மறைத்துவிடும். வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் பின்காற்று அடித்தால் சாதனையாக ஏற்பதில்லை என்ற விதி அதற்காகவே வந்தது. 1995இல் பிரிட்டனின் ஜோனதன் எட்வர்ட்ஸ் லீல் நகரில் தாண்டிய 18.43 மீட்டர் அந்த விதியால் ஏட்டில் ஏறவில்லை; ஆகஸ்டில் கோதன்பர்க்கில் தாண்டிய 18.29 இன்றுவரை உலக சாதனை. உள்ளரங்கில் காற்றளக்கும் கருவிக்கே வேலையில்லை. தாண்டியவன் தன் கால்களை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது.

உள்ளரங்கின் ஓடுபாதை பல இடங்களில் மரச்சட்டத்தின் மேல் உயர்த்திப் போட்டது, அது காலைத் தூக்கிவிடுகிறது என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் அந்தத் துள்ளலே பெரிய உதவி என்றால் உள்ளரங்கச் சாதனை வெளியரங்கச் சாதனையை முந்தியிருக்க வேண்டாமா? உள்ளரங்கில் 18 மீட்டரைக் கடந்த முதல் மனிதர் பர்கினா ஃபாசோவின் ஹியூக் ஃபாப்ரிஸ் ஜாங்கோ. 2021 ஜனவரியில் 18.07. எட்வர்ட்ஸின் கோடு இன்னும் அதற்கு அப்பால்தான் இருக்கிறது. அந்த ஜாங்கோ பனியை அறியாத நாட்டில் பிறந்தவர். பிரான்ஸுக்குப் போய்ப் பயின்று 2024இல் கிளாஸ்கோ உலக உள்ளரங்கப் போட்டியில் 17.53 மீட்டரில் தங்கம் வென்றார். 2010 உலக உள்ளரங்கப் போட்டியோ பாலைவனத்து தோஹாவில் நடந்தது. அங்கே டெடி டாம்கோ 17.90 தாண்டி முதலிடம் பெற, வெள்ளி வாங்கியவர் கியூபாவின் யோவாண்ட்ரி பெட்டான்சோஸ். கியூபாவும் வெயில் தீவுதான்.

அந்தப் பெட்டான்சோஸ்தான் பின்னாளில் தமிழ்நாட்டின் பிரவீன் சித்ரவேலுக்குப் பயிற்சியளித்தார். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த்தில் எல்டோஸ் பால் 17.03 மீட்டரில் தங்கமும் அப்துல்லா அபூபக்கர் 17.02 மீட்டரில் வெள்ளியும் வெல்ல, 16.89 தாண்டிய பிரவீன் நான்காவது இடத்தில் நின்றார். 2023 பிப்ரவரியில் கஜகஸ்தானின் அஸ்தானாவில் நடந்த ஆசிய உள்ளரங்கப் போட்டியில் அவருக்கு 16.98 மீட்டரில் வெள்ளி. மே மாதம் ஹவானாவின் திறந்த மைதானத்தில் 17.37, ரஞ்சித் மகேஸ்வரி 2016இல் படைத்த 17.30 என்ற தேசிய சாதனை வீழ்ந்தது. சொந்த மாநிலத்தில் உள்ளரங்கம் இல்லாமலே இவ்வளவும் நடந்திருக்கிறதே, பிறகு எதற்கு என்று கேட்கலாம். அஸ்தானாவுக்கும் ஹவானாவுக்கும் போகும் வாய்ப்பு ஒருவருக்குத்தான் கிடைத்தது என்பதே என் பதில். அவருக்குப் பின்னால் நிற்கும் பத்துப் பேர் உள்ளூரிலேயே தாண்டியாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் ஓடுபாதை வழுக்கும், குழி மணல் சேறாகி இறுகும். ஜனவரியில் தொடங்கும் உலக உள்ளரங்கப் பருவத்துக்கு உடலைத் தேற்ற வேண்டிய மாதங்களே அவை.

திருமயத்தில் கோட்டை மதிலுக்குப் பக்கத்தில் 200 மீட்டர் உள்ளரங்கம் கட்டச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். புவனேசுவரத்தின் கலிங்கா வளாகத்தில் எழுந்திருப்பதைப் போல மாநிலத்துக்கு ஒன்று போதும். இங்கே வேண்டியது சிறியது: 40 மீட்டர் ஓடுபாதை, 13 மீட்டர் தள்ளிக் கிளறிவிட்ட மணல் குழி, இரண்டுக்கும் மேலே மழை ஒழுகாத தகரக் கொட்டகை.