இரண்டாவது மாம்பழம் எங்கிருந்து வந்தது?

"அரசியலில் அறத்தைக் காப்பவை பத்திரிகைகளே" என்று எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். காக்கின்றன ஐயா, மறுக்கவில்லை. யாருடைய அறத்தை? அதுதான் என் கேள்வி.

நான் காரைக்கால்காரன். எங்க ஊர் யூனியன் பிரதேசம்தான். ஆனா வடக்கே பூவம் தாண்டினாலும், தெற்கே வாஞ்சூர் தாண்டினாலும் தமிழ்நாடு. சென்னையில் ஆட்சி கவிழ்ந்தால் எங்க ஊர் டீக்கடையில் பெஞ்சு கவிழும்!

1991 ஜனவரி 30. ஆளுநர் பர்னாலா அறிக்கை தராமலே, தி.மு.க. ஆட்சியைச் சந்திரசேகர் அரசு கலைத்தது. எங்க வீட்டுக்கு வரும் பத்திரிகை தலையங்கம் தீட்டியது: மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சியை டெல்லி கலைப்பது எக்காலத்திலும் பாவம் என்று. அப்பா உரக்கப் படித்தார்; குரல் தழுதழுத்தது. எனக்கும் ரத்தம் கொதித்தது.

அடுத்த வாரம் சான்றிதழ் தேடி டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் விரித்திருந்த தாள் 1980 பிப்ரவரி மாதத்தது. அதே பத்திரிகை! எம்.ஜி.ஆர். ஆட்சி உள்ளிட்ட ஒன்பது மாநில ஆட்சிகளை இந்திரா காந்தி அரசு கலைத்ததை வாழ்த்தித் தலையங்கம்! அப்பாவிடம் காட்டினேன். "அது வேற, இது வேற"ன்னார். பக்கத்து வீட்டு மாமா வாங்கியது எதிர்க்கட்சிக்கு வேண்டிய பத்திரிகை. அது 1980-ல் அழுதது, 1991-ல் சிரித்தது. மாமாவும் சொன்னார்: "அது வேற, இது வேற!"

எது வேற? 1980-ல் காங்கிரஸுக்குக் கூட்டாளி தி.மு.க.; 1991-ல் அ.தி.மு.க. கலைக்கப் பயன்பட்டது மட்டும் இரண்டு முறையும் அதே 356-வது பிரிவு. டெல்லிக் கதையும் இதுதான். மக்களவைத் தேர்தலில் தோற்றீர்கள், மாநிலத்திலும் நம்பிக்கை இழந்தீர்கள் என்று 1977-ல் ஜனதா அரசு ஒன்பது காங்கிரஸ் ஆட்சிகளைக் கலைத்தது. 1980-ல் அதே காரணம், எண்ணிக்கையும் ஒன்பதுதான். கை மட்டும் வேறு!

"சூழ்நிலை பார்த்து எழுதக் கூடாதா?" என்பார்கள். தாராளமா எழுதுங்க. சூழ்நிலையைச் சொல்லி வாதாடுங்க. ஆனா 'எக்காலத்திலும்' என்ற சொல்லை எடுத்தால், அது உங்க கட்சிக்காரன் கலைக்கும்போதும் செல்ல வேண்டாமா? 1994 மார்ச் 11-ல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அப்படி ஒரு அளவுகோல் தந்தார்கள்: பெரும்பான்மையைச் சட்டமன்றத்தில் நிரூபி, கலைப்பு ஆணை நீதிமன்றப் பரிசீலனைக்கு உட்பட்டது. அதில் கட்சிப் பெயர் பார்க்கும் வேலையே இல்லை.

அப்பா இன்று இல்லை. அந்தத் தாள் இருக்கிறது. எந்தத் தலையங்கத்தையும் இப்போது கட்சிப் பெயரை மாற்றிப் போட்டு ஒருமுறை படிக்கிறேன். அப்பவும் நியாயமாகப் பட்டால்தான் நம்புகிறேன்.

எங்க ஊர் அம்மையார் கதை உங்களுக்குத் தெரியும். கணவர் பரமதத்தன் முதல் மாம்பழத்தைச் சாப்பிட்டார். இரண்டாவது வேறு ருசியாக இருந்தது. "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். அங்கே வந்தது ஈசன் அருளால். பத்திரிகையில் ருசி மாறினால் அருள் எங்கிருந்து வருகிறது என்று வாசகர் கேட்க வேண்டாமா? கேட்க வேண்டும் என்று சொல்லி அமர்கிறேன்.