மங்கரஹாரா ஆற்று மீனும் அதன் ஆறும்

2006ஆம் ஆண்டில் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மெலனி ஸ்டியாஸ்னி, ஜான் ஸ்பார்க்ஸ் ஆகிய இருவரும் மடகாஸ்கர் தீவின் 'டைக்கோகுரோமிஸ்' என்னும் சிக்லிட் மீன் பேரினத்தை மறுஆய்வு செய்து, ஐந்து புதிய இனங்களை விவரித்தனர். அவற்றுள் 'ஒனிலாஹி' என்ற இனத்துக்குச் சான்று, 1962இல் பிடிபட்டுப் புட்டிகளில் காக்கப்பட்ட சில உடல்களே. பெயர் கிடைக்க 44 ஆண்டுகள் ஆயின. அதற்குள் மீன் ஆற்றிலிருந்து மறைந்துவிட்டதாகவே அஞ்சப்படுகிறது.

மற்றோர் இனம் 'இன்சொலிட்டஸ்'. இலத்தீனில் 'வழக்கத்துக்கு மாறானது' என்று பொருள். தீவின் வடபகுதியில் சோஃபியா ஆற்றில் கலக்கும் மங்கரஹாராவே இதன் தாயகம். மலகாசி மொழியில் இதற்கு 'ஜோபா மெனா' என்று பெயர். 'மெனா' என்றால் சிவப்பு. புதிய இனம் என்பது அறிவியல் பட்டியலுக்குத்தான் புதிது.

நெல் வயல்களுக்கு நீர் திருப்ப எழுந்த அணைகளால் ஆறு வறண்டது. 2013 மே மாதம், லண்டன் விலங்குக்காட்சியகத்தில் இரண்டு ஆண் மீன்களே எஞ்சியிருந்த நிலையில், மீன்காட்சியகப் பொறுப்பாளர் பிரையன் சிம்மர்மன் ஒரு பெண் மீன் கிடைக்குமா என உலகெங்கும் வேண்டுகோள் விடுத்தார். இதழ்கள் அதை மணமகள் தேடும் வேடிக்கையாக்கின. அந்தச் சிரிப்பில் அணைகள் பின்னுக்குப் போயின.

வேண்டுகோளைக் கண்ட மடகாஸ்கர் தொழில்முனைவர் ஒருவர் அந்த மீனை அடையாளம் கண்டுகொண்டார். லண்டன், டொரண்டோ காட்சியகங்களின் குழு தேடிச் சென்றது. மரோதாண்ட்ரானோ ஊராரின் உதவியுடன் நீர்ப்பகுதிகளை வலையால் அடைத்துத் தேடினர். பல மணி நேரம் வேறு மீன்களே கிடைத்தன. இறுதியில் இந்த மீனும் அகப்பட்டது. ஆனால் மங்கரஹாராவுடன் தொடர்பறுந்து தனித்தனியே தேங்கிய நீரில். 18 மீன்கள் அந்நாட்டிலேயே ஒரு தனியார் மீன்பண்ணைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அந்த ஆண்டு டிசம்பரில் இது வெற்றிச் செய்தியாக வெளிவந்தது. மீன் மீட்கப்பட்டது உண்மை, ஆறு மீட்கப்படவில்லை.

அணை மட்டுமே காரணமும் அன்று. 1950களில் மடகாஸ்கர் நீர்நிலைகளில் உணவுக்காக ஆப்பிரிக்கத் திலாப்பியாக்கள் விடப்பட்டன; இந்தியாவுக்கு 1952இல் வந்து தமிழகக் குளங்களில் ஜிலேபிக் கெண்டை எனப் பெயர் பெற்றதும் அவற்றின் இனமே. அதுவும் ஒரு சிக்லிட்தான். கேரளம் கொண்டாடும் கரிமீனும் சிக்லிட்டே. அதற்கு மிக நெருங்கிய உறவு மடகாஸ்கரின் 'பாரெட்ரோப்ளஸ்' மீன்கள். இந்தியாவும் மடகாஸ்கரும் ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. கிடைத்துள்ள மிகப் பழைய சிக்லிட் புதைபடிவங்களோ அதன் பாதி வயதே கொண்டவை. நிலம் பிரிந்ததால் மீன்கள் பிரிந்தனவா, கடலைக் கடந்தனவா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அதில் சாட்சி சொல்லத்தக்க உயிர்கள் மடகாஸ்கரின் இத்தகைய சிற்றாறுகளில்தான் இருக்கின்றன. நெல்லுக்குத் திரும்பியது அவற்றின் நீர்தான்.