செவிலியர் பயிற்சியும் நூற்கல்வியும்

நோயாளியைப் பேணுதல் பெருந்தொண்டு என்று உலகம் நெடுங்காலமாகப் போற்றி வந்துள்ளது. அத்தொண்டு செய்வோர்க்கு நூலறிவும் வேண்டும் என்பதை அதே உலகம் மிகத் தாமதமாகவே ஒப்புக்கொண்டது. நம் பெண்மக்கள் செவிலியர் பயிற்சியை நாடிச் செல்லும் இந்நாளில், அவ்வரலாற்றை அறிந்துகொள்வது நலம் பயக்கும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நியூ இங்கிலாந்து மருத்துவமனை 1872 ஆம் ஆண்டில் செவிலியர் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கிற்று. அதில் பயின்று 1873 இல் சான்றிதழ் பெற்றவர் லிண்டா ரிச்சர்ட்ஸ் அம்மையார். தம் பயிற்சிக் காலத்தைப் பற்றி அவர் பிற்காலத்தில் எழுதி வைத்துள்ளார். பயில்வோர் காலை ஐந்தரை மணிக்கு எழுவர். இரவு ஒன்பது மணிக்கே வார்டை விட்டு அகல்வர். வார்டுகளுக்கு இடையேயுள்ள சிற்றறையே அவர்கள் உறங்குமிடம்; இரவிலும் நோயாளிகளைக் கவனித்தாக வேண்டும். இரு வாரங்களுக்கு ஒருமுறை, பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை ஓய்வு. மருத்துவர்கள் சில சொற்பொழிவுகள் ஆற்றினர். பாடநூல் கிடையாது, படிப்பதற்கென ஒதுக்கிய நேரமும் கிடையாது. மருந்துப் புட்டிகளில் பெயருக்குப் பதிலாக எண்ணே இருந்தது. தாம் கொடுக்கும் மருந்து இன்னதென்று பயில்வோர் அறியாவண்ணம் காத்தனர்.

இதனை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். கையின் உழைப்பைக் கொள்வர். கைக்குரியவர்க்கு அறிவை வழங்கார். இவ்வழக்கம் நம் சமுதாயம் தலைமுறை தலைமுறையாகக் கண்டதேயாகும்.

அதே மருத்துவமனையில் சமையல், சலவை, துப்புரவு ஆகிய வேலைகளைச் செய்து வந்தவர் மேரி எலைசா மஹோனி. அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பினப் பெற்றோர்க்கு 1845 இல் பிறந்தவர். 1878 இல், முப்பது வயதைக் கடந்த பின்னர், அப்பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தார். பயிற்சி பதினாறு மாதங்கள். கடுமை தாளாது உடன் சேர்ந்தோர் பலர் விலகினர். அம்மையாரோ 1879 இல் சான்றிதழ் பெற்று, அந்நாட்டில் முறையாகப் பயின்று தேறிய முதல் கறுப்பினச் செவிலியர் ஆனார். 1908 இல் கறுப்பினச் செவிலியர்க்கெனத் தேசியச் சங்கம் தோன்றியது. மறு ஆண்டு பாஸ்டனில் கூடிய அதன் முதல் மாநாட்டில் வரவேற்புரை ஆற்றியவரும் அவரே.

ஆயினும், எல்லா மாணவியரிடமும் மஹோனியின் மன உரத்தை எதிர்பார்ப்பது முறையாகாது. ஏற்பாடே மாற வேண்டும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ரெபேக்கா ஸ்ட்ராங் அம்மையார் 1893 இல் அம்மாற்றத்தைச் செய்தார். உடற்கூறு, உடலியல், நலவியல் ஆகியவற்றைக் கல்லூரி வகுப்பில் முதலில் கற்றுத் தேறிய பின்னரே மாணவியர் வார்டுப் பணிக்குச் செல்லும் முறையை அவர் வகுத்தார். படிப்பு தனக்குரிய நேரத்தைப் பெற்றது.

நம் நாட்டிலும் வளர்ச்சி படிப்படியாகவே வந்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909 இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். செவிலியர்க்குப் பட்டப்படிப்பு வேலூரிலும் தில்லியிலும் 1946 இல்தான் ஏற்பட்டது. மறு ஆண்டு இந்திய செவிலியர் மன்றச் சட்டம் நிறைவேறியது.

தமிழ்வழியில் பயின்று வரும் நம் மாணவி, முதலாண்டிலேயே தடித்த ஆங்கில நூல்களை எதிர்கொள்கிறாள். வார்டுப் பணி முடிந்து வந்து புத்தகத்தைத் திறந்தால் கண்கள் செருகுகின்றன. தனக்கு அறிவு போதாது என்று அவள் எண்ணிவிடுகிறாள். அவ்வெண்ணம் பிழை என்பதை மேற்கண்ட வரலாறு காட்டும். நேரமும் துணையும் இன்மையே அவளுடைய இடர்ப்பாடு. அன்று வார்டில் கேட்ட ஐந்து சொற்களைப் பொருளுடன் குறிப்பேட்டில் எழுதி வருவாளாயின், ஓராண்டில் அவளிடம் ஓர் அகராதியே சேர்ந்துவிடும். முன்னரே பயின்று தேறிய நம் செவிலியர், விடுமுறையில் ஊர் வரும் மாணவியர்க்கு நாளும் ஒரு மணி நேரம் பாடம் சொல்லித் தருதல் வேண்டும். அதற்கோர் அறையும் விளக்கும் அளிப்பதை நம் சங்கம் தன் கடமையாக ஏற்குமாக.