குறும்படங்களுக்கு வயதுச் சான்றிதழ்

ஒரு குறும்படத்தை எந்த வயதினர் பார்க்கலாம் என்று வகைப்படுத்தி மத்தியத் திரைப்படச் சான்றளிப்பு வாரியம் வழங்கும் அனுமதியே வயதுச் சான்றிதழ். வழக்கில் இது 'சென்சார்' எனப்படுகிறது. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் படத்தின் நீளத்தைக் கொண்டு விலக்களிப்பதில்லை. ஆகவே, திரையரங்கில் காட்டப்படுவது பத்து நிமிடப் படமாயினும் சான்றிதழ் வேண்டும்.

1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920இல் சென்னை, பம்பாய், கல்கத்தா, இரங்கூன் ஆகிய நகரங்களில் அமைந்த தணிக்கை வாரியங்கள் காவல்துறைத் தலைவர்களின் பொறுப்பில் இருந்தமையால், ஒரு படத்தைக் காட்டலாமா கூடாதா என்பது மட்டுமே அன்று கேள்வியாக இருந்தது. பார்ப்பவரின் வயது கணக்கில் வரவில்லை. 1949ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அனைவருக்குமான 'யு', 18 வயது நிரம்பியோருக்கான 'ஏ' என்னும் இரு பிரிவுகளைக் கொண்டுவந்தது. பெற்றோர் வழிகாட்டலுடன் சிறுவர் பார்க்கத்தக்க 'யுஏ', மருத்துவர் போன்ற தனித் துறையினருக்கான 'எஸ்' ஆகியவை 1983இல் சேர்ந்தன.

இப்பிரிவுகளின் சட்ட அடிப்படையை உறுதிசெய்த வழக்கு ஒரு குறும்படத்தைப் பற்றியது என்பது குறிப்பிடத்தக்கது. திரைப்பட இயக்குநர் கே. ஏ. அப்பாஸ் சென்னை, பம்பாய், கல்கத்தா, டெல்லி ஆகிய நான்கு நகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் எதிரெதிரே வைத்து, ஏறத்தாழ 16 நிமிட ஆவணப்படம் ஒன்றை எடுத்தார். அதில் பம்பாயின் பாலியல் தொழில் தெருவில் பெண்கள் வாசலிலும் சன்னலிலும் காத்து நிற்கும் சிறு பகுதி ஒன்று இருந்தது; அதைக் காரணமாகக் கொண்டு 'ஏ' சான்றிதழே தரப்படும் என்றும், அப்பகுதியை வெட்டினால் 'யு' கிடைக்கும் என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். விசாரணையின்போது வெட்டின்றி 'யு' வழங்க அரசு இசைந்தது. ஆயினும் 1970இல் தலைமை நீதிபதி இதாயத்துல்லா வழங்கிய தீர்ப்பு, முன்தணிக்கையும் வயதுவாரிப் பிரிவும் அரசியல் சட்டத்துக்கு ஏற்றவையே என்றது. பாலியல் பற்றிப் பேசுவதாலேயே ஒரு படம் ஆபாசமாகிவிடாது என்பதையும் அத்தீர்ப்பு தெளிவாக்கியது.

பிரிவைத் தேர்வதற்கு அடிப்படையாக வேண்டியது இக்கருத்தே. வாரியத்துக்கான 1991ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும் படத்தை முழுமையாக வைத்து மதிப்பிடச் சொல்கின்றன. 1983ஆம் ஆண்டு விதிகளின்படி குறும்படத்தைப் பார்க்கும் குழு, ஆய்வு அலுவலர் ஒருவரும் ஆலோசனைக் குழு உறுப்பினர் ஒருவருமாக இருவரே கொண்டதாக இருந்தது. அவர்களுள் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டியிருந்தது. இத்தனை சிறிய குழுவில் ஒருவரின் அருவருப்பே தீர்ப்பாகிவிடும் வாய்ப்பு மிகுதி.

மதுரை இதை விளங்கவைக்கும் ஊர். 1998 முதல் இங்கு ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்திவரும் அமுதன் ஆர். பி. 2003இல் எடுத்த 'பீ', மதுரைத் தெரு ஒன்றில் மலம் அள்ளும் மாநகராட்சிப் பெண் தொழிலாளரின் வேலையைக் காட்டுகிறது. முகம் சுளிக்கவைக்கும் காட்சிகள் உண்டு. ஆனால் ஆபாசமோ வன்முறையைப் போற்றுதலோ இல்லை. இத்தகைய படத்தை 'ஏ' பிரிவில் ஒதுக்குவது தவறு. பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியரோடு அமர்ந்து பார்ப்பதற்கு உரியது இது.

2023ஆம் ஆண்டுத் திருத்தம் 'யுஏ' பிரிவை 7+, 13+, 16+ எனப் பகுத்துள்ளது. இணையவழி ஓடிடி தளங்கள் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி தம் படங்களுக்குத் தாமே வயதுப் பிரிவு இட்டுக்கொள்கின்றன.